உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் என்ன?

வேதபகுதி: 1 பேதுரு 3:13-16, 1 கொரிந்தியர் 15:1-20



சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் வளர்ந்த ஒரு வாலிபன் கல்லூரி விடுமுறையில் என்னைக் காண வந்தான். "இயேசு உயிர்த்தெழுந்தார் என்று நீ எதைக் கொண்டு நம்புகிறாய்?" என்று விடுதி நண்பர்கள் அவனிடம் கேட்டிருந்தார்கள். அவர்கள் பரிகாசம் செய்யவில்லை; அறிந்துகொள்ளவே கேட்டார்கள். "வேதத்தில் எழுதியிருக்கிறது" என்றானாம். "அதை ஏன் நம்பவேண்டும்?" என்றபோது அவனிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அவன் என்னிடம் கொண்டுவந்தான். நானோ, "தம்பி, இது சந்தேகத்தின் ஆவி. கேள்வி கேட்காமல் விசுவாசி, ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப்பின் அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. சில மாதங்களில் சபைக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டான். அவனை நாங்கள் இழந்தது அவனுடைய கேள்வியினால் அல்ல, என்னுடைய பதிலினால் என்பதை வெகுகாலம் சென்றபின்பே உணர்ந்தேன். அந்த உணர்வோடுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

காரணம் கேட்பது அவிசுவாசமா?

பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா ஆகிய நாடுகளில் சிதறியிருந்த விசுவாசிகளுக்குப் பேதுரு தம் நிருபத்தை எழுதினார். அவர்களுள் வேலைக்காரரும் இருந்தனர். அவிசுவாசிகளான கணவர்மாரோடு வாழ்ந்த பெண்களும் இருந்தனர். அவர்கள் நிந்தை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத்தான் அப்போஸ்தலர், உங்கள் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று கட்டளையிடுகிறார் (1 பேதுரு 3:15). இங்கே பதில் என்பதற்கு அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'அப்பொலோகியா'. நீதிமன்றத்தில் நிற்பவன் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைப்பதற்கு வழங்கிய சொல் அது. இந்தக் கட்டளை கற்றறிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல என்பதைக் கவனியுங்கள்.

தெயோப்பிலு தான் கேட்டறிந்தவைகளின் நிச்சயத்தை அறியும்படி, லூக்கா எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து எழுதினார் (லூக்கா 1:1-4). தெசலோனிக்கேயில் பவுல் மூன்று ஓய்வுநாட்கள் வேதவாக்கியங்களைக் கொண்டு நியாயங்களை விளக்கினார் (அப்போஸ்தலர் 17:2,3). பவுல் சொன்னதைக் கேட்டு, அது மெய்தானா என்று நாள்தோறும் ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை வேதம் கடிந்துகொள்ளவில்லை, பாராட்டுகிறது. காணாமல் நம்பமாட்டேன் என்ற தோமாவை ஆண்டவர் புறம்பே தள்ளவில்லை. தம் கைகளைக் காண்பித்தார். முழு இருதயத்தோடு மட்டுமல்ல, முழு மனதோடும் தேவனில் அன்புகூரவேண்டும் என்பதே பிரதான கற்பனை (மத்தேயு 22:37). ஆகவே விசுவாசம் என்பது இன்னாரென்று அறியாத ஒருவர் கையில் நம்மை ஒப்புவிப்பதல்ல. நம்பத்தக்கவர் என்று அறிந்தவரிடத்தில் ஒப்புவிப்பதே.

அஸ்திபாரம் ஒரு சம்பவம்

கிறிஸ்து எழுந்திராவிட்டால் தம் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் எழுதினார் (1 கொரிந்தியர் 15:14). இப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! நல்ல போதனை மட்டும் போதும் என்று அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. நடந்ததா, நடக்கவில்லையா என்ற ஒரே கேள்வியின்மேல் முழு நற்செய்தியையும் வைத்துவிட்டார். அந்த வாலிபன் கேட்டதும் இதே கேள்விதான். அன்று நான் சொல்லியிருக்கவேண்டிய நான்கு காரணங்கள் இவை.

1. இயேசு சிலுவையில் மரித்தார். இதைச் சுவிசேஷங்கள் மட்டும் சொல்லவில்லை. ஏறக்குறைய கி.பி. 116இல் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், திபேரியுவின் ஆட்சியில் பொந்தியு பிலாத்துவினால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்று குறித்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர்களின் நண்பர் அல்லர், அவர்களை வெறுத்தவர். ஆகவே அவர் நமக்காகக் கதை கட்டியிருக்கமாட்டார்.

2. சாட்சி மிகவும் பழமையானது. உயிர்த்தெழுதல் என்பது பல தலைமுறைகள் கடந்து வளர்ந்த கதை என்று சிலர் கருதுகிறார்கள். காலக்கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. கொரிந்தியருக்கு முதலாம் நிருபம் கி.பி. 55ஐ ஒட்டி எழுதப்பட்டது. பவுல் கொரிந்துவில் ஊழியம் செய்தபோது அகாயாவின் அதிபதியாக இருந்தவன் கல்லியோன் (அப்போஸ்தலர் 18:12). கிரேக்க நாட்டின் தெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டு அவன் பெயரைக் குறிப்பிடுவதால், அந்தக் காலம் கி.பி. 51ஐ ஒட்டியது என்று அறிகிறோம். அப்போது தாம் அறிவித்த செய்தி, அதற்கு முன்னமே தாம் பெற்றுக்கொண்டது என்கிறார் பவுல் (15:3). அவர் மனந்திரும்பி மூன்று வருடம் சென்றபின் எருசலேமில் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கினார். கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் கண்டார் (கலாத்தியர் 1:18,19). அப்படியானால் சிலுவைக்குப்பின் சில ஆண்டுகளிலேயே, நேரில் கண்டவர்களிடமிருந்து இந்தச் சாட்சியை அவர் கேட்டிருக்கிறார். ஐந்நூறு பேருக்கு மேற்பட்டவர்கள் ஒரே வேளையில் அவரைக் கண்டார்கள் என்று எழுதியவர், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதினார். போய் அவர்களைக் கேட்டுப் பாருங்கள் என்பதே அதன் பொருள்.

3. முதல் சாட்சிகள் பெண்கள். அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், பெண்களின் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்றே எழுதியிருக்கிறார். சீஷர்களுங்கூட அந்தப் பெண்களின் வார்த்தைகளை வீண்பேச்சாக எண்ணினார்கள் (லூக்கா 24:11). கதையைப் புனைகிறவன் கல்லறையண்டையில் பேதுருவையோ யோவானையோ முதலில் நிறுத்தியிருப்பான். நான்கு சுவிசேஷங்களும் மகதலேனா மரியாளை நிறுத்துகின்றன. நடந்தது அதுவானபடியால் அப்படி எழுதினார்கள் என்பதே இயல்பான விளக்கம்.

4. நம்பாதவர்கள் மாறினார்கள். இயேசுவின் சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை (யோவான் 7:5). ஆனால் யாக்கோபு பின்னர் எருசலேம் சபையின் தூணாக நிற்கிறார். கி.பி. 62இல் அவர் கல்லெறியப்பட்டதை ஜோசிபஸ் பதிவு செய்திருக்கிறார். சபையைத் துன்பப்படுத்திய பவுலோ அதன் அப்போஸ்தலரானார். அவர் அடைந்தது அடிகளும் காவலும்தான், ஆதாயம் ஒன்றுமில்லை.

சீஷர்களே சரீரத்தைத் திருடினார்கள் என்ற பேச்சு அன்றே எழுந்தது (மத்தேயு 28:13). பொய்யை மெய்யென்று நம்பி உயிர்விடுகிறவர்கள் உண்டு. தான் கட்டிய பொய்யை, பொய்யென்று அறிந்தே, அதற்காக உயிர்விடுகிறவன் உண்டோ? துக்கத்தினால் கண்ட மனத்தோற்றம் என்றால், இயேசுவுக்காகத் துக்கப்படாத பவுல் கண்டது எப்படி?

பதில் சொல்வதில் நேர்மை

ஓர் எச்சரிப்பும் அவசியம். பலவீனமான ஆதாரத்தைப் பலமானதாகக் காட்டாதிருப்போமாக. அப்போஸ்தலர் அனைவரும் இரத்தசாட்சிகளாக மரித்தார்கள் என்று மேடைகளில் சொல்கிறோம். செபெதேயுவின் குமாரனாகிய யாக்கோபைக் குறித்து வேதமே சொல்கிறது (அப்போஸ்தலர் 12:2); பேதுரு, பவுல் இருவரைக் குறித்தும் பழமையான சான்றுகள் உண்டு. மற்றவர்களில் பலரைக் குறித்து நமக்கிருப்பது பிற்காலத்துச் செய்திகளே. தோமா மயிலாப்பூரில் மரித்தார் என்பது நாம் போற்றும் பாரம்பரியம். அதைப் பாரம்பரியம் என்றே சொல்வோம். ஒரு மிகைப்படுத்தல் வெளிப்பட்டால், நாம் சொன்ன ஒன்பது உண்மைகளும் அதனோடு சந்தேகத்துக்குள்ளாகும். பதில் தெரியாதபோது, "எனக்குத் தெரியவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்வதில் வெட்கமில்லை.

பதில் சொல்லும் விதத்தையும் பேதுரு கட்டளையிட்டார்: சாந்தமும் மரியாதையும் வேண்டும். நம் தேசத்தில் நம்மிடம் கேட்கிறவர் பெரும்பாலும் தமக்கென்று ஒரு நம்பிக்கையும் கல்வியும் உடைய அயலார். காசியில் சாஸ்திரங்களைக் கற்ற நீலகண்ட சாஸ்திரி கோரே, முதலில் கிறிஸ்தவத்தை மறுத்துச் சமஸ்கிருதத்தில் நூல் எழுதியவர். அவர் ஆராய்ந்து, போராடி, 1848இல் ஞானஸ்நானம் பெற்று நெகேமியா என்னும் பெயரை ஏற்றார். பிற்காலத்தில் பண்டித ரமாபாயின் தேடலில் அவருக்குத் துணைநின்றவர்களில் ஒருவர் இந்தக் கோரே. கேள்விகளோடு போராடியவரே கேள்வி கேட்டவருக்கு உதவியாயிருந்தார்.

காரணங்கள் ஒருவரையும் இரட்சிப்பதில்லை. நிலத்திலுள்ள கற்களைப் பொறுக்குவதும் முட்களை அகற்றுவதும் நம் வேலை. விளையச் செய்கிறவர் தேவன். ஆனாலும் கற்களைப் பொறுக்காமல் விட்டுவிட்டு, விளையவில்லையே என்று நிலத்தைக் குறைகூறலாமா?

இனி நாம் செய்யவேண்டியது

வாரத்தில் ஒருநாளாவது குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்க இடங்கொடுங்கள். ஞாயிறு பள்ளியின் மேல்வகுப்புகளில் வசனத்தை மனப்பாடம் செய்விப்பதோடு, அதை நம்புவதற்கான காரணத்தையும் கற்பியுங்கள். படிப்பிற்காகவும் வேலைக்காகவும் பிள்ளைகள் வெளியூர் செல்லும் முன்பே இதைச் செய்யுங்கள்.

அந்த வாலிபனுக்குச் சென்ற ஆண்டு ஒரு கடிதம் எழுதினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பின்பு மேற்கண்ட நான்கு காரணங்களையும் எழுதி, அவற்றில் எதையும் அவன் மறுத்துக் கேட்கலாம் என்று முடித்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "ஐயா, மூன்றாவது காரணத்தைக் குறித்து இரண்டு கேள்விகள் இருக்கின்றன" என்று எழுதியிருந்தான். அவன் இன்னும் சபைக்குத் திரும்பவில்லை. ஆனாலும் மறுபடியும் கேட்கத் தொடங்கியிருக்கிறான். அவனுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

சிந்திக்க

1. உங்கள் விசுவாசத்திற்கான காரணத்தை, வேதத்தை வாசித்திராத ஒரு நண்பருக்கு ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள்.

2. நீங்கள் பதில் சொல்லாமல் தவிர்த்த கேள்வி எது? அதைக் கேட்டவர் இப்போது எங்கே இருக்கிறார்?

3. 1 கொரிந்தியர் 15:3-8இல் சொல்லப்பட்ட சாட்சிகளை வரிசைப்படுத்துங்கள். அவர்களில் முன்பு நம்பாதிருந்தவர்கள் யார்?