ரசீது என்னும் சாட்சி
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சங்கத்தில் பணம் செலுத்தும் அங்கத்தினர் மூவகையினர். ரசீதைப் படித்துப் பார்த்து வாங்குவோர் ஒரு வகை. வாங்கிப் படியாமலே மடித்துச் சட்டைப்பையில் இடுவோர் இரண்டாம் வகை. "நம்ம ஆளுதான, எழுதிக்கிடுவாரு" என்று வெறுங்கையுடன் வீடு திரும்புவோர் மூன்றாம் வகை. பத்மநாபபுரம், தக்கலை வட்டாரச் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது இம்மூவரையும் நாம் காண்கிறோம். இவர்களுள் இடர்ப்படுவோர் யாவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எழுதி வைக்கும் வழக்கம் நாஞ்சில் நாட்டுக்குப் புதியதன்று. அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தார் காத்து வைத்திருந்த ஓலை ஆவணங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தார். முன்னோர் ஓலையில் எழுதிக் காத்தமையால் அன்றோ அக்காலத்து வாழ்வை இன்று நாம் அறிகிறோம்? கூட்டுறவின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. 1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் தொழிலாளர் 28 பேர் சேர்ந்து சிறு கடையொன்றைத் திறந்தனர். அவர்களுட் பலர் நெசவாளர். வரவு செலவுக் கணக்கை அடிக்கடி அங்கத்தினர் முன் வைத்தல் வேண்டும் என்பது அவர்கள் கைக்கொண்ட நெறிகளுள் ஒன்று. ஏழை எளியோர் சிறுகச் சிறுகச் சேர்த்த முதலுக்குக் கணக்கே வேலியாகும்.

இனி ஓர் உதாரணம். வாழை பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் ரூ. 60,000 பயிர்க்கடன் பெற்றிருந்தார். தவணை நாளுக்கு இரண்டு நாள் முன்னரே முழுத் தொகையையும் செலுத்திவிட்டார். பேரேட்டிலோ அது நான்கு நாள் பிந்திப் பதிவாயிற்று. உரிய காலத்தில் செலுத்தினால் வட்டி இல்லை. தவணை தப்பினால் ஆண்டுக்கு 7 சதவீதம் என்று கொண்டால் வட்டி ரூ. 4,200 ஆகிறது. அவர் இல்லத்தார் ரேஷன் அட்டையுடன் அந்த ரசீதைப் பத்திரப்படுத்தியிருந்தனர். அதிலிருந்த தேதியைக் கொண்டு பதிவு திருத்தப்பெற்றது. ரசீது இல்லையேல் அவர் எதைக் காட்டி வாதிட்டிருப்பார்?

நெசவாளருக்கும் இது பொருந்தும். வாங்கும் நூலின் எடை, ஒப்படைக்கும் துணியின் எண்ணிக்கை, கூலி, அதிலிருந்து பிடிக்கப்படும் சிக்கன நிதி ஆகிய நான்கும் தம் புத்தகத்தில் அன்றன்றே ஏறியுள்ளனவா என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

"இப்போதுதான் கணினி வந்துவிட்டதே" என்பர் சிலர். 2022இல் மத்திய அரசு ஏறத்தாழ 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது, நன்மையே. கணினி கூட்டலில் பிழை செய்யாது. ஆனால் தவறான தேதியை இட்டால் அத்தவறான தேதியையே வழுவாது காத்து நிற்கும். கைப்பேசிக்கு வரும் செய்தியும் அப்படியே. சங்கத்தில் பதிந்திருப்பது வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகனின் பழைய எண்ணாயின், செய்தி யாருக்குப் போய்ச் சேரும்?

சட்டத்தின் நிலையையும் அறிதல் நன்று. அரசின் கட்டுப்பாட்டிலோ பெருமளவு அரசு நிதியிலோ இயங்காத கூட்டுறவுச் சங்கம், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கூறும் பொது அதிகார அமைப்பு ஆகாது என்று, கேரளத்துத் தலப்பலம் வங்கி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அங்கத்தினரின் விழிப்பே முதற் காவல்.

ரசீதில் பார்க்க வேண்டியவை ஐந்து:

1. பெயரும் அங்கத்தினர் எண்ணும்.
2. பணம் செலுத்திய தேதி.
3. எண்ணாலும் எழுத்தாலும் தொகை.
4. அசல், வட்டி, பங்குத்தொகை என எக்கணக்கில் வரவு என்பது.
5. பெற்றவர் கையொப்பமும் சங்க முத்திரையும்.

ரசீது கேட்டல் செயலாளரை ஐயுறுவதாகாது. நேர்மையான செயலாளருக்கும் அதுவே காப்பு. ஆட்கள் மாறுவர், ஓய்வு பெறுவர். தாள் நின்று பேசும்.

படிப்பு வட்டத்தில் சிந்திக்க:

அ. உங்கள் கடைசி ரசீது இப்போது எங்கே உள்ளது?
ஆ. அதன் தேதியும் பாஸ் புத்தகத்தின் தேதியும் ஒத்துள்ளனவா?
இ. சங்கத்தில் பதிந்துள்ள கைப்பேசி எண் யாருடையது?