எண்ணெயும் நீரும் கலக்கும் வகை

கமக்காரர்களே,

வேப்பெண்ணெயை நீரில் ஊற்றி எவ்வளவு கலக்கினாலும் அது மேலே மிதக்கும். அவ்வாறே விசிறினால் சில செடிகளுக்கு வெறும் நீரே கிடைக்கும்; வேறு சில செடிகளின் இலைகள் எண்ணெய் மிகுந்து கருகும். கத்தரி, மிளகாயிலுள்ள அழுக்கணவனோ அழியாது.

இதற்குப் பரிகாரம் சவர்க்காரம். அதன் மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றும். ஆதலால் எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து, எளிதில் ஒன்றுசேராது நிற்கும். இத்தகைய பொருளைப் பால்மமாக்கி என்பர். பாலில் கொழுப்புப் பரவி நிற்பதும், முட்டை மஞ்சட்கரு எண்ணெயை நீருடன் இணைப்பதும் இம்முறையாலேயே ஆகும்.

செய்முறை: 20 கிராம் சவர்க்காரத்தைச் சீவி, சிறிதளவு இளஞ்சூட்டு நீரிற் கரைக்கவும். அதில் 50 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பால்போல் வெளுக்கும்வரை கலக்கவும். பின்னர் மொத்தம் 10 லீற்றர் ஆகும்படி நீர் சேர்க்கவும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரிற் சவர்க்காரம் திரையும், மழைநீரே நன்று.

முதலிற் சிறிதளவு ஆக்கி, இரண்டொரு செடிகளில் விசிறி இரு நாட்கள் பார்க்கவும். கேடில்லையெனின் புதிதாக ஆக்கி, மாலையில் இலைகளின் கீழ்ப்புறம் நனையுமாறு விசிறவும். ஆக்கிய கலவையை அன்றே பயன்படுத்தவும். எண்ணெய் பிரிந்து மேலே வரின், மீண்டும் நன்கு கலக்காது ஒருபோதும் விசிறாதீர்கள்.