தந்தை வேட்டையும் மைந்தர் வேட்டையும்

கண்ணப்ப நாயனார் புராணத்துள் இரண்டு வேட்டைகள் குறிக்கப்படுகின்றன. ஒன்று, தந்தையாகிய நாகன் முன்னாளில் ஆடியது; மற்றொன்று, மைந்தராகிய திண்ணனார் 16 ஆம் ஆண்டில் ஆடிய கன்னிவேட்டை. இரண்டும் சென்று சேர்ந்த மலை திருக்காளத்தி ஒன்றே, பயனோ வேறாயிற்று. அஃது என்னை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

உடுப்பூர் வேடர்க்கு அரசனாகிய நாகன் மூப்பினால் வேட்டைக்கு ஆற்றானாயினான். கொடுவிலங்குகள் மிக்குப் புனங்களை அழிக்கின்றன என வேடர் முறையிட, அவன் மைந்தரை அழைத்துத் தோலும் சுரிகையும் அளித்துத் தலைமையையும் ஒப்புவித்தான். தான் உடன் செல்லானாயினும், தன் வாழ்நாளெல்லாம் ஈட்டிய தொழிலை மைந்தர் கையில் வைத்து விடுத்தான் என்க. வலையறுத்தோடிய பன்றியைத் திண்ணனார் நெடுந்தூரந் தொடர்ந்து சுரிகையால் வீழ்த்தினார். உடன் சென்றோர் நாணனும் காடனுமாகிய இருவரே. நீர் வேட்கையாற் பொன்முகலியை அடைந்து, காடனைத் தீக்கடையுமாறு பணித்து, நாணனோடு மலையேறினார். ஏறுந்தோறும் தம்மேலுள்ள பாரம் குறைவது போல அவர்க்குத் தோன்றியது.

குடுமித்தேவரைக் கண்டு தழுவி உருகிய திண்ணனார், அவர்மேல் நீரும் இலையும் பூவும் இட்டவர் யாவர் என வினவினார். முன்பு நாகனோடு வேட்டைக்கு வந்த நாளில், அந்தணர் ஒருவர் நீராட்டி, இலை பூச் சூட்டி, உணவூட்டியதைத் தான் கண்டதாக நாணன் விடையிறுத்தான். இவ்விடையே ஆராயத்தக்கது. நாகன் கண்டானோ காணானோ, சேக்கிழார் கூறிற்றிலர். நாணன் கண்டமை ஐயமின்றிப் பெறப்படும். அவன் இருமுறை கண்டான். வழிபாட்டு முறையும் அறிந்திருந்தான். எனினும் கண்டவாறே மீண்டான். திண்ணனாரோ ஒருமுறை கண்டார், மீண்டிலர்.

அற்றேல், கொலைத்தொழிலே அருளுக்கு வாயிலாயிற்றோ எனின், அன்று. அத்தொழில் காரணமாயின் நாகனும் நாணனும் முன்னரே பேறெய்தல் வேண்டும். முற்றவமும், மலபரிபாகமும், அதன்வழி நிகழ்ந்த சத்திநிபாதமுமே காரணம்; வேட்டை வழி மாத்திரையே. ஐம்புலன்களாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த உயிர்க்கு, அதன் தவத்தினால் இறைவன் உணர்த்த, அது அவ்வேடரை விட்டுத் திருவடியை அணையும் எனச் சிவஞானபோதம் 8 ஆம் சூத்திரம் கூறும். மெய்யாகவே வேடரிடை வளர்ந்த திண்ணனார் அதற்குச் சிறந்த இலக்கியமாவர். இறைவன் திருநோக்கம் எய்தியவுடனே முன்னைச் சார்பு அவரை விட்டு நீங்கியது.

ஆயினும் நாணனை இகழற்க. நீரும் பூவும் ஊணும் கொண்டு பூசித்தல் வேண்டும் என்பதைத் திண்ணனார் அறிந்தது அவன் வாய்மொழியால் அன்றோ? தந்தையின் வேட்டையிற் கண்ட காட்சி, மைந்தர்க்கு வழிபாட்டு நெறியாயிற்று. அறிவு நாணன்பால் இருந்தது. அன்பு திண்ணனார்பால் இருந்தது. அறிவு அன்பைச் சார்ந்தபோதே பூசையாக மலர்ந்தது.

நூல்களை ஓதியும் ஓதுவித்தும், திருக்கோயிலை நாடோறும் கண்டும் வரும் நாம் எவர் நிலையில் நிற்கின்றோம்? முறை யாவும் அறிந்து, கண்டவாறே மீள்வோமாயின், நாணன் நிலையே நமதாம். நாம் கற்றதைக் கேட்டு உருகும் திண்ணனார் ஒருவர் வாய்ப்பின், அதுவும் பெரும்பேறே. எனினும், பாரம் குறைவதை நாமே உணரும் நாளை வேண்டி நிற்றல் நம் கடனாகும்.

திருச்சிற்றம்பலம்.