கல்தூசும் கஞ்சாப் புகையும்

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களும் அவர்கள் வீட்டாரும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கருங்கல்லைத் தண்ணீர் விடாமல் மெஷினில் அறுக்கும்போது பறக்கும் வெண்தூசில் சிலிக்கா (படிகக் கல்தூள்) இருக்கிறது. பகலெல்லாம் அதைச் சுவாசித்துவிட்டு மாலையில் கஞ்சாவும் புகைத்தால் நுரையீரலின் காவல் இரட்டிப்பாகத் தளர்கிறது.

அந்தக் காவலர்கள் மேக்ரோஃபேஜ்கள் (கிருமியை விழுங்கி அழிக்கும் அணுக்கள்). சிலிக்காவை விழுங்கினால் இவை செத்துவிடும். கஞ்சாப் புகை இவற்றை மந்தமாக்குகிறது. கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 1997இல், கஞ்சா புகைப்போரின் நுரையீரலிலிருந்து இவற்றைக் கழுவி எடுத்துச் சோதித்தார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. உடலின் எதிர்ப்பாற்றலே போய்விட்டதோ என்று பதற வேண்டாம். வலுவான சான்று நுரையீரலைப் பற்றித்தான் இருக்கிறது.

ஆனால் காசநோய்க் கிருமி குடியேறுவதும் இதே அணுக்களுக்குள்தான். 'சின்ன வயதில் பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி போட்டாயிற்றே' என்பார்கள். அந்த ஊசியைப் பற்றிய உலகறிந்த ஆய்வு 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. கைத்தழும்பை நம்பி இருந்துவிடாதீர்கள். சிலும்பியைத் துடைத்துவிட்டுக் கைமாற்றுவதாலும் பயனில்லை. மூடிய அறையில் ஒருவர் இருமினால் கிருமி காற்றிலேயே பரவும்.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை, சளியில் ரத்தம்: இவற்றில் ஒன்றிருந்தாலும் 'புகை இருமல்தான்' என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். கல்வேலை, கஞ்சா இரண்டையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரேயைப் படிக்க அது உதவும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு லெவோஃப்ளாக்ஸசின் விழுங்குவது ஆபத்து. காசநோய் சில வாரம் அடங்கியதுபோல் காட்டி, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும். ஆடாதோடைக் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கலாம், ஆனால் காசநோய்க்கு மருந்தாகாது.

புகையை நிறுத்தினால் முதல் வாரம் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், பசி குறையும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தணிந்துவிடும். வீட்டார் அந்த நாட்களில் திட்டாமல் துணையிருங்கள். தனியாக முடியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். பட்டறையில் தண்ணீர் விட்டே அறுங்கள். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசைத் தடுக்காது, என்95 முகக்கவசம் வேண்டும்.

காசநோய் உறுதியானால் மாத்திரையை வழக்கமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். இருமல் நின்றதும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக் குழந்தைகளையும் அழைத்துப்போய்க் காட்டுங்கள். தேவைப்பட்டால் அவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தருவார்கள்.