செம்புத் தளத்தில் ஒரு கோலாட்டம்

நுழையும்முன்

மின்தடையற்ற பொருள்களுக்குக் காந்தம் பகை என்பது அறிவியலார் நெடுங்காலம் கொண்டிருந்த முடிவு. செம்பு ஆக்சைடுகள் அம்முடிவைக் கலைத்த வரலாற்றையும், அதில் சென்னை அறிவியலாளர் ஒருவருக்குள்ள பங்கையும் இப்பாடம் கூறுகிறது.

அருப்புக்கோட்டை வட்டாரத்துப் பந்தல்குடியின் வறண்ட நிலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படுகிறது. அதன் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட். தூய கால்சியம் கார்பனேட்டைப் பிஸ்மத், ஸ்ட்ரான்சியம், செம்பு ஆகியவற்றின் சேர்மங்களோடு அரைத்துக் கலந்து உலையில் சுட்டால், பானையோடு போல நொறுங்கும் கரிய பொருளொன்று கிடைக்கும். நீர்ம நைட்ரஜனில் அமிழ்த்தினால் அவ்வோடு மின்சாரத்தைச் சிறிதும் தடையின்றிக் கடத்தும். செம்புக் கம்பிக்கும் இயலாத செயல் அது.

இப்பண்பே மீக்கடத்துத்திறன் எனப்படும். 1911இல் காமர்லிங் ஆன்ஸ், ஏறத்தாழ −269 டிகிரி செல்சியசுக்குக் குளிர்விக்கப்பட்ட பாதரசத்தில் இதனைக் கண்டார். பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவர் 1957இல் காரணம் கூறினர்: அணுக்களின் அதிர்வு எலக்ட்ரான்களை இரண்டிரண்டாக இணைக்கிறது, இணைகள் ஒன்றுபட்டு இயங்குவதால் தடை மறைகிறது. இணையிலுள்ள இரண்டின் தற்சுழற்சிகளும் எதிரெதிரானவை. காந்தத்தன்மையுள்ள அணு குறுக்கிட்டால் இணை முறியும். லாந்தனத்தில் சிறிதளவு காடோலினியம் கலந்ததும் மீக்கடத்துத்திறன் அழிந்ததை 1958இல் மத்தியாஸ் குழுவினர் காட்டினர்.

இந்நிலையில், 1986இல் பெட்நார்ஸ், முல்லர் இருவரும் செம்பு ஆக்சைடு ஒன்றில் இப்பண்பைக் கண்டது வியப்பளித்தது. அதன் தாய்ச்சேர்மமான லாந்தனம் செம்பு ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. போதாக்குறைக்கு அது காந்த ஒழுங்குடைய பொருள். அதன் செம்பு அணுக்கள் தாள்போன்ற தளங்களில் சதுரச் சதுரமாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம்; பக்கத்து அணுவின் காந்தமோ எதிர்த்திசை நோக்கும். தளங்களுக்கிடையே பிணைப்பு மிகக் குறைவு. ஆதலால் ஓர் அணுவைத் தாங்குவன அதே தளத்திலுள்ள நான்கு அண்டை அணுக்களே. ஒழுங்கு எளிதில் தளரும். லாந்தனத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாக ஸ்ட்ரான்சியத்தைச் சேர்த்துச் சில எலக்ட்ரான்களைக் குறைத்தால், நிலையான ஒழுங்கு மறைந்து, கணந்தோறும் தோன்றி மறையும் காந்த ஊசலாட்டம் எஞ்சுகிறது. மீக்கடத்துத்திறன் பிறப்பது அங்கேதான்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஆண்டர்சன் 1987இல் ஒரு விளக்கம் தந்தார். அதற்குக் கணித வடிவம் அளித்த முதற்கட்டுரைகளுள் ஒன்றை அதே ஆண்டில் அவருடன் இணைந்து எழுதியவர் கணபதி பாஸ்கரன். சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் ஆய்ந்தவர். அண்டை எலக்ட்ரான்கள் எதிரெதிர்த் தற்சுழற்சியுடன் இணைகின்றன; ஆனால் எந்த இணையும் நிலையன்று. பென்சீன் வளையத்தில் இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறுவதாகக் கொள்ளும் உடனிசைவுக் கருத்தே இங்குத் தளம் முழுவதும் விரிகிறது. கோலாட்டத்தில் ஆடுவோர் துணையை மாற்றிக்கொண்டே இருப்பது போன்றது இது. ஆட்டக்களம் நிரம்பியிருக்கும்வரை எவரும் இடம்பெயர இயலாது. சிலர் விலகியதும் வெற்றிடங்கள் வழியே இணைகள் நகர்கின்றன. மின்சாரம் தடையின்றிப் பாய்கிறது. முன்பு இணையை முறித்த காந்தம், இங்கே இணையை ஆக்குகிறது. உவமைக்கு ஓர் எல்லை உண்டு: எலக்ட்ரான்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துணை மாறுவதில்லை, எல்லா அமைப்புகளும் ஒருங்கே நிலவுகின்றன.

1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஆய்வுகள், இணையின் அலை ஒரு திசையில் நேர்க்குறியும் செங்குத்துத் திசையில் எதிர்க்குறியும் கொண்டிருப்பதைக் காட்டின. காந்தவழிக் கோட்பாடுகள் சில 1980களிலேயே எதிர்பார்த்த வடிவம் அது. எனினும் வழக்கு முடியவில்லை. காந்த ஊசலாட்டமே எலக்ட்ரான்களை ஒட்டும் பசை என்பர் ஒருசாரார். இணை முன்பே உள்ளது, பசையே வேண்டா என்று 2007இல் ஆண்டர்சன் மறுத்தெழுதினார். இரு தரப்பும் காந்தத்தையே மூலமாகக் கொண்டும், அது செயற்படும் முறையில் வேறுபடுகின்றன.