குளிரில் வளரும் கிருமி

நோய்கள் சில தம்மாற் பீடிக்கப்படுவோரின் தொகையால் உலகை அச்சுறுத்துவன. சில தொகையிற் சிறியவாயினும் கொடுமையால் அச்சுறுத்துவன. உணவின் வழியே பரவும் லிஸ்டீரியா நோய் இரண்டாம் வகையினது. 2010-ஆம் ஆண்டில் உலகமுழுதும் இந்நோயுற்றார் ஏறக்குறைய 23,000 பேரென்றும், அவருள் இறந்தார் ஏறக்குறைய 5,400 பேரென்றும் அறிஞர் மதிப்பிட்டுள்ளனர். நால்வருள் ஒருவரைக் கொல்லும் இந்நோயின் வழி அறியப்பட்ட வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

1926-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் மரே முதலிய மூவர், இறந்த முயல்களிடத்து இக்கிருமியைக் கண்டனர். அடுத்த ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் பிரி என்பார் ஒருவகைக் காட்டெலிகளிடத்து இதனைக் கண்டார். இரண சிகிச்சையிற் கிருமிநாசினி முறையைப் புகுத்திய லிஸ்டர் பெருமானின் நினைவாகவே இதற்கு இப்பெயர் வழங்கலாயிற்று. மண்ணிலும், நீரிலும், அழுகிய இலையிலும், கால்நடைகளின் குடலிலும் இது வாழ்வது. ஆயினும், மக்களை இது அடையும் வழி அரை நூற்றாண்டிற்கு மேலும் தெளிவுறாது நின்றது.

1981-ஆம் ஆண்டில் கனடா தேசத்தின் கீழ்க்கரை மாகாணங்களில் 41 பேர் இந்நோயுற்றனர். அவற்றுள் 34 நிகழ்ச்சிகள் கருவுற்ற தாயரையும் அவர்தம் சிசுக்களையும் பற்றியன. தாய்க்குச் சிறு காய்ச்சலே தோன்றும். வயிற்றிலுள்ள மகவோ உயிர் துறத்தலுங் கூடும். இதன் கொடுமை இவ்வாறானது.

ஆராய்ச்சியாளர் நோயுற்றார் உண்டவற்றையும், நோயுறாதார் உண்டவற்றையும் கேட்டு ஒப்பிட்டனர். முட்டைக்கோசைச் சமையாது நறுக்கிச் செய்யும் 'கோல்ஸ்லா' என்னும் பச்சடியை நோயுற்றாரே மிகுதியும் உண்டிருந்தனர். நோயாளி ஒருவரின் குளிர்ப்பெட்டியில் எஞ்சியிருந்த பச்சடியிலும் அக்கிருமியே காணப்பட்டது. அக்கோசு விளைந்த நிலத்தைத் தேடிச் சென்றபொழுது, அவ்வுழவர் தம் ஆட்டெருவை வயலுக்கு இட்டிருந்தமை தெரிந்தது. அவ்வாடுகளுள் இரண்டு, 1979-இல் ஒன்றும் 1981-இல் ஒன்றுமாக, இந்நோயாலேயே இறந்திருந்தன! அறுவடையான கோசோ குளிர்காலமுழுதும் குளிர்ந்த கிடங்கில் வைக்கப்பட்டிருந்தது.

இங்ஙனம், இந்நோய் உணவின் வழியே மக்களுக்கு வருமென்பது முதன்முறையாக மெய்ப்பிக்கப்பட்டது. மற்றோருண்மையும் விளங்கிற்று. குளிர் ஏனைய கிருமிகள் பலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும், இதனையோ தடுப்பதில்லை. குளிர்ப்பெட்டியின் 4 பாகைச் சூட்டிலும் இது மெல்லப் பெருகும். உணவைக் காப்பதென நாம் நம்பும் குளிரே இதற்குத் துணையாகின்றது.

உண்ட நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையே சிலபொழுது 70 நாள் வரை கழிதலுண்டு. இரு திங்களுக்கு முன் உண்டதை யார் நினைவிற் கொள்வார்? ஆதலின் இதன் மூலத்தைக் காண்டல் எளிதன்று. தென்னாப்பிரிக்காவில் 2017-இல் தொடங்கிய கொள்ளைநோயில் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் நோயுற்று, இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பதப்படுத்திய ஓர் இறைச்சியுணவே காரணமென்பது 2018 மார்ச்சு மாதத்திலேயே வெளியாயிற்று.

எனினும், இக்கிருமி வெப்பத்திற்கு ஆற்றாதது. பாலைக் காய்ச்சுதல், இறைச்சியை நன்கு வேவித்தல், காய்கனிகளைக் கழுவுதல், குளிர்ப்பெட்டியில் நெடுநாள் கிடந்த உணவை உண்ணாமை ஆகியவை போதிய காவலாம். கருவுற்றாரும், முதியோரும், நோயால் மெலிந்தாரும் உள்ள இல்லங்களில் இவற்றைச் சிறப்பாகப் பேணல் வேண்டும். குளிர்ப்பெட்டி உணவின் கேட்டைத் தாழ்த்துவதேயன்றித் தவிர்ப்பதன்று என்பதை நாம் மறத்தலாகாது.