வீடிழந்த வளர்ப்புப் பிராணிகளும் காப்பகங்களின் பணியும்

ஒரு நகரத்தின் வளர்ச்சியை மதிப்பிடும்போது சாலை, குடிநீர், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றைக் கணக்கில் கொள்வது வழக்கம். மனிதனை அண்டி வாழும் பிராணிகளின் நிலை அக்கணக்கில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் பொதுச் சுகாதாரம், குழந்தைகளின் பாதுகாப்பு, உள்ளாட்சி நிர்வாகம் ஆகிய மூன்றுடனும் இப்பொருள் நெருங்கிய தொடர்புடையது. 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தெருநாய்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.53 கோடி. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இது 1.71 கோடியாக இருந்தது. இவ்வளவு பெரிய தொகையைக் காப்பகங்களில் அடைத்து வளர்ப்பது இயலாத காரியம். அவ்வாறாயின் காப்பகங்களும் மீட்புக் குழுக்களும் செய்யக்கூடியது என்ன? அவற்றின் எல்லை எது? இவ்வினாக்களுக்கு விடை காண்பது மாணவர்க்கும் அதிகாரிகளுக்கும் ஒருங்கே பயன் தரும்.

மூவகைப் பிராணிகள்

தெருவில் காணப்படும் நாய், பூனைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, வழிதவறிப் போன வளர்ப்புப் பிராணி. அதற்கு உரிமையாளர் உண்டு, அவர் அதனைத் தேடிக்கொண்டும் இருக்கலாம். இரண்டாவது, உரிமையாளரால் கைவிடப்பட்டது. மூன்றாவது, தெருவிலேயே பிறந்து அங்கேயே வளர்ந்தது. இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே முறையில் நடத்துவதே பல நகரங்களில் நேரும் முதற்பிழையாகும்.

தெருவில் பிறந்த நாய்க்குத் தன் எல்லை தெரியும். உணவு கிடைக்கும் இடமும், வாகனங்களுக்கு ஒதுங்கும் முறையும் தெரியும். வீட்டில் வளர்ந்து வெளியே விடப்பட்ட நாய்க்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. அத்தெருவின் நாய்கள் அதனை விரட்டும். அடர்ந்த உரோமமுள்ள வெளிநாட்டு இனமாயின் வெப்பத்தையும் அது தாங்காது. சில நாட்களிலேயே பசியாலோ, நோயாலோ, விபத்தாலோ அது வீழ்ந்துவிடக்கூடும். ஆகவே காப்பகத்தின் தேவை மிகுதியாக உள்ளது இரண்டாம் வகைக்கே.

கைவிடுவதற்குரிய காரணங்கள் பலவாயினும் அவற்றில் பெரும்பாலானவை முன்கூட்டியே சிந்தித்தால் தவிர்க்கக்கூடியவை. பணியிட மாற்றம், வாடகை வீட்டில் அனுமதி இன்மை, சிகிச்சைச் செலவு, பிராணியின் முதுமை, எதிர்பாராமல் பிறந்த குட்டிகள், இனப்பெருக்கத் தொழிலில் பயன் தீர்ந்துபோன தாய் நாய் ஆகியவை அடிக்கடி கூறப்படும் காரணங்கள். 2020ஆம் ஆண்டில் கோவிட் நோய் பரவியபோது, வீட்டுப் பிராணிகள் மூலம் அந்நோய் பரவும் என்ற ஆதாரமற்ற அச்சத்தினால் சிலர் அவற்றைத் தெருவில் விட்டனர்.

வரலாற்றுப் பின்னணி

ஆதரவற்ற பிராணிகளுக்குப் புகலிடம் அளிக்கும் மரபு இந்நாட்டிற்குப் புதிதன்று. பஞ்சராப்போல் எனப்படும் அறநிலையங்கள் மேற்கிந்தியாவில் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. 1832ஆம் ஆண்டில் பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் நடவடிக்கையை எதிர்த்துப் பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதனைத் தொடர்ந்து 1834இல் அந்நகரில் ஒரு பஞ்சராப்போல் நிறுவப்பட்டது. 1861இல் கல்கத்தாவிலும், 1874இல் பம்பாயிலும் பிராணி வதைத் தடுப்புச் சங்கங்கள் தோன்றின.

விடுதலைக்குப் பின் இப்பணிக்குச் சட்டத்தின் ஆதரவு கிடைத்தது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொணர்ந்த தனிநபர் மசோதா இதற்கு வித்திட்டது. 1960இல் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் கீழ் 1962இல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் அமைக்கப்பட்டபோது அவரே அதன் முதல் தலைவரானார். சென்னையில் 1959இல் தோன்றிய புளூ கிராஸ் நிறுவனம், கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்யும் முறையை 1964இல் தொடங்கியது. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வாயிலாக, உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது.

காப்பகத்தினுள் நடைபெறும் பணி

நன்கு நடைபெறும் காப்பகத்தின் பணியை ஐந்து கட்டங்களாகக் காணலாம்.

முதற்கட்டம் பதிவு. பிராணி எங்கே, எந்நாளில், யாரால் கண்டெடுக்கப்பட்டது என்பது பதிவேட்டில் எழுதப்பட்டு, நிழற்படமும் எடுக்கப்படுகிறது. கழுத்துப்பட்டை உள்ளதா, தோலின் அடியில் அடையாளச் சில்லு பொருத்தப்பட்டுள்ளதா எனப் பார்க்கப்படுகிறது. உரிமையாளரைத் தேடுவதே காப்பகத்தின் முதற்கடமை. புதிய வீடு தேடுவது அதன் பின்னரே.

இரண்டாம் கட்டம் தனிமைப்படுத்தல். புதிதாக வந்த பிராணியை உடனே மற்றவற்றுடன் விடுவது பெருந்தவறு. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற கொள்ளை நோய்கள் ஒரு குட்டியிலிருந்து காப்பகம் முழுவதும் பரவ வல்லவை. எனவே ஏறத்தாழ இரண்டு வாரம் தனியிடத்தில் வைத்துக் கவனிக்கின்றனர். அங்குப் பணிபுரிவோர், பாத்திரங்கள், துடைப்பம் ஆகியவையும் தனியாக இருத்தல் நலம்.

மூன்றாம் கட்டம் சிகிச்சையும் தடுப்பூசியும் கருத்தடையும். நாயின் கருக்காலம் சுமார் 63 நாட்கள் மட்டுமே. பெரும்பாலான பெண் நாய்கள் ஆண்டிற்கு இருமுறை பருவத்திற்கு வருகின்றன. கருத்தடை செய்யாமல் ஒரு பிராணியைப் பிறரிடம் ஒப்படைத்தால், ஒரு சிக்கலைத் தீர்த்துப் பல சிக்கல்களை உண்டாக்கியதாகவே முடியும்.

நான்காம் கட்டம் பழக்கம் அறிதல். குழந்தைகளிடம் அது எவ்வாறு நடந்துகொள்கிறது, பிற நாய்களுடன் ஒத்துப்போகிறதா, தனிமையில் அஞ்சுகிறதா என்பவற்றை அறிந்த பின்னரே எத்தகைய குடும்பத்திற்கு அது ஏற்றது என்பதை முடிவு செய்ய இயலும்.

ஐந்தாம் கட்டம் தத்தளித்தல். விண்ணப்பிப்போரின் வீட்டு வசதி, குடும்பத்தார் அனைவரின் சம்மதம், வெளியூர் செல்லும்போது செய்யும் ஏற்பாடு ஆகியவை விசாரிக்கப்படுகின்றன. எழுத்து மூலம் உறுதிமொழி பெறப்படுகிறது; சில வாரங்களுக்குப் பின் நேரில் சென்று பார்ப்பதும் உண்டு. வளர்க்க இயலாமற்போனால் பிராணியைத் தெருவில் விடாமல் காப்பகத்திடமே திருப்பித் தர வேண்டும் என்பது அவ்வுறுதிமொழியின் முக்கியமான நிபந்தனையாகும்.

மீட்புக் குழுக்களின் தனித்தன்மை

காப்பகத்திற்குக் கட்டடம் உண்டு. மீட்புக் குழுக்கள் பலவற்றிற்கு அதுவும் இல்லை. தன்னார்வத் தொண்டர்களின் வீடுகளே அவற்றின் காப்பகங்கள். ஒரு குடும்பம் ஒன்றிரண்டு பிராணிகளைச் சில வாரங்கள் தன் வீட்டில் வைத்துப் பேணி, நிலையான வீடு கிடைத்ததும் அனுப்பிவைக்கிறது. தாயிழந்த குட்டிகள், அறுவைச் சிகிச்சையிலிருந்து தேறி வருபவை, கூட்டத்தைக் கண்டு அஞ்சுபவை ஆகியவற்றிற்கு இத்தற்காலிக இல்லம் கூண்டைவிடச் சிறந்தது. நோய் பரவும் வாய்ப்பும் குறைவு. எனினும் இத்தகைய குழுக்கள் சிலருடைய உழைப்பையும் சொந்தப் பணத்தையும் நம்பியே நடைபெறுவதால், அவர்கள் தளர்ந்தால் பணியும் தளர்ந்துவிடுகிறது. தம் சக்திக்கு மீறிய எண்ணிக்கையில் பிராணிகளைச் சேர்த்துக்கொண்டு, இரக்கத்தினாலேயே அவற்றைத் துன்பத்திற்குள்ளாக்கும் நிலையும் நேர்வதுண்டு. மறுக்க வேண்டிய இடத்தில் மறுப்பதும் காப்பகப் பணியின் ஒரு பகுதியே.

கொள்ளளவு பற்றிய கணக்கு

நூறு பிராணிகளுக்கு இடமுள்ள ஒரு காப்பகத்தை உதாரணமாகக் கொள்வோம். மாதந்தோறும் 10 பிராணிகள் வருகின்றன; 6 பிராணிகளுக்கு வீடு கிடைக்கிறது; 4 மிஞ்சுகின்றன. வேறு இழப்பு இல்லையெனின் 25 மாதங்களில் காப்பகம் நிரம்பிவிடும். பெருமுயற்சி செய்து 8 பிராணிகளுக்கு வீடு தேடினாலும் 50 மாதங்களில் அதே நிலைதான். மாறாக, கைவிட எண்ணுவோருக்கு ஆலோசனை கூறியும், மலிவான சிகிச்சைக்கும் கருத்தடைக்கும் வழி செய்தும் வரவை 6 ஆகக் குறைத்தால் காப்பகம் என்றுமே நிரம்பாது. காப்பகத்தின் பயன்மிகு பணி அதன் வாயிலுக்கு வெளியே நடைபெறுகிறது என்பதையே இக்கணக்கு உணர்த்துகிறது. இடம் நிரம்பிய காப்பகத்தில் நெரிசலும் சண்டையும் நோயும் பெருகும். அங்கு வாழ்நாள் முழுவதும் அடைபட்டுக் கிடப்பது பிராணிக்கு வாழ்வாகாது. காப்பகம் இடையில் தங்கிச் செல்லும் இடமேயன்றி முடிவிடமன்று.

ஜெய்ப்பூர் தரும் பாடம்

ராஜஸ்தானின் தலைநகரான ஜெய்ப்பூரில் 1980ஆம் ஆண்டில் கிறிஸ்டல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார் 'ஹெல்ப் இன் சஃபரிங்' என்ற காப்பகத்தை நிறுவினார். அடிபட்டவற்றையும் கைவிடப்பட்டவற்றையும் பேணிய இந்நிறுவனம், வரவைத் தடுக்காமல் துயரைக் குறைக்க இயலாது என்பதை உணர்ந்து 1994 நவம்பரில் தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பிடிக்கப்பட்ட நாய்கள் சிகிச்சைக்குப் பின் அதே இடத்தில் விடப்பட்டன. 2002 இறுதி வரையிலான பணி பற்றி வெளியான ஆய்வின்படி, ஏறத்தாழ 25,000 நாய்களுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டிருந்தது. திட்டப் பகுதியிலிருந்த பெண் நாய்களில் 65 சதவிகிதம் இதில் அடங்கின. நாய்களின் எண்ணிக்கை 28 சதவிகிதம் குறைந்தது. அப்பகுதியில் மனிதர்க்கு வெறிநோய் காண்பது முற்றிலும் நின்றது.

இவ்வெற்றியின் காரணம் எளிதில் விளங்கும். நாய்களைக் கொன்றாலோ அகற்றினாலோ காலியான இடத்திற்கு வேறு நாய்கள் வருகின்றன. அவை தடுப்பூசி பெறாதவை. தடுப்பூசி பெற்ற நாய்கள் தத்தம் இடத்தில் நிலைத்திருந்தால் நோய் பரவ வழியில்லை. நாய்களில் 70 சதவிகிதத்திற்குத் தடுப்பூசி கிடைத்தால் வெறிநோய்ச் சங்கிலி அறுபடும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கருத்தடை பெறாத வளர்ப்பு நாய்கள் வீடுகளிலிருந்து தெருவிற்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் இம்முயற்சி பாதிக்கப்படும். வீடிழந்த பிராணியின் சிக்கலும் பொதுச் சுகாதாரமும் சந்திக்கும் இடம் இதுவே.

மனிதரின் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று

நாய்க்கடிக்கு ஆளாவோரில் குழந்தைகளும் ஏழை எளியவரும் மிகுதி. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே கடிபட்டவுடன் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவித் தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை ஒவ்வொரு பள்ளியும் கற்பிக்க வேண்டும். பிராணிகளிடம் இரக்கமும் மனிதரின் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல; தடுப்பூசி இரண்டிற்கும் பொதுவான கருவியாகும்.

சட்டமும் நிர்வாகமும்

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, பசியாலும் தாகத்தாலும் துன்புறக்கூடிய நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். ஆனால் முதற்குற்றத்திற்கு அச்சட்டம் வகுத்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை மட்டுமே. அன்றைய விலைவாசியில் வகுக்கப்பட்ட இத்தொகையினால் எவரையும் தடுத்து நிறுத்த இயலாது என்பது வெளிப்படை. மாவட்டந்தோறும் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் அமைய வேண்டும் என 2001ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எட்டு வாரத்திற்குக் குறைந்த நாய்க்குட்டிகளை விற்கலாகாது என 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடை செய்கின்றன. கருத்தடைப் பணியை உள்ளாட்சி மன்றங்கள் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் துணையுடன் நிறைவேற்ற 2023ஆம் ஆண்டின் பிராணிகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் வழி வகுக்கின்றன.

2025 ஆகஸ்டு 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களை அதே பகுதியில் விடுமாறு கூறப்பட்டது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் நகராட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். தத்தெடுத்த பின் அது மீண்டும் தெருவிற்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்றும் அவ்வாணை குறிப்பிட்டது. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் ஆணை, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து, இரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்கவும், மீண்டும் அங்கு விடாதிருக்கவும் பணித்தது. இதனால் காப்பகங்களின் கொள்ளளவு பற்றிய கணக்கு நிர்வாகத்தினர்க்கு மேலும் இன்றியமையாததாகிறது.

செய்ய வேண்டுவன

நகராட்சி அதிகாரிகள் வளர்ப்பு நாய்களின் பதிவை முறைப்படுத்தி, பதிவுடன் தடுப்பூசியையும் இணைக்கலாம். அரசு கால்நடை மருத்துவமனைகளில் வளர்ப்புப் பிராணிகளின் கருத்தடைக்கெனக் குறிப்பிட்ட நாட்களை ஒதுக்கலாம். காப்பகங்களுக்கு நிதி உதவும்போது, எத்தனை பிராணிகள் உள்ளன என்பதை மட்டும் கேளாமல், எத்தனை உரிமையாளரிடம் திரும்பின, எத்தனைக்கு வீடு கிடைத்தது, எத்தனை இறந்தன என்ற விவரங்களையும் கேட்பது பயன் தரும். குப்பையை உடனுக்குடன் அகற்றுவதும் இப்பணியின் ஒரு பகுதியே.

மாணவர்கள் விடுமுறையில் அருகிலுள்ள காப்பகத்தில் தொண்டாற்றலாம். தம் தெருவிலுள்ள நாய்களைக் கணக்கெடுத்து உள்ளாட்சிக்கு உதவலாம். நாயின் ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை நீளக்கூடியது. அத்தனை ஆண்டுகளுக்கும் உணவும் சிகிச்சையும் இடமும் தர முடியுமா என்று குட்டியை வாங்குமுன் ஒவ்வொரு குடும்பமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளுமாயின், காப்பகத்தின் வாயிலில் கட்டிவைத்துவிட்டுப் போகப்படும் நாய்களின் எண்ணிக்கை தானே குறையும்.